வெட்டி எடுத்த சத்தம்

எங்கள் கம்பெனிக்காரருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் ஆமென் அண்ணன். நல்லது சொன்னாலும் ஆமென், கெட்டது சொன்னாலும் ஆமென். ஏசி ஓடவில்லை என்று சொன்னால்கூட ஓர் ஆமென் போட்டுவிட்டுத்தான் ரிமோட்டைத் தேடுவார். கிறிஸ்தவப் பாடல் ஆல்பங்கள் வெளியிடும் கம்பெனி அவருடையது. கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வந்திருப்பேன்.

அவரிடம் ஒரு தாள் உண்டு. புதுப் பாட்டு எதைக் கேட்க உட்கார்ந்தாலும் அந்தத் தாளை முன்னால் வைத்துக்கொள்வார். அதில் மூன்று கட்டங்கள். ஆண்டவர் பெயர் எத்தனை முறை வருகிறது, நம்பிக்கை எந்த நிமிடத்தில் வருகிறது, சபையில் எல்லோரும் சேர்ந்து பாட முடியுமா. பாட்டு ஓட ஓடப் பென்சிலால் குறித்துக்கொண்டே வருவார். என் தம்பியின் பாட்டு மூன்று கட்டத்திலும் சைபர் வாங்கியது.

தம்பி பாடுவான், கிட்டார் வாசிப்பான். டிரம்ஸ் வாசிப்பவனை இடி என்போம். பேஸ் கிட்டார் வாசிப்பவன் ஊமை. பேச்சு வராதவன் இல்லை, பேசுவதற்கு அவனுக்கு மனசு வராது, அவ்வளவுதான். நான் மேடை ஏறாத நாலாவது ஆள். பதிவு செய்வது, வெட்டுவது, ஒட்டுவது, நிகழ்ச்சி நாளில் சவுண்ட் மிக்ஸர் முன்னால் உட்கார்வது எல்லாம் என் வேலை. எங்கள் சபையில் பாதிப் பேருக்கு நாங்கள் வாசிக்கும் ராக் இசை ஒரு பாட்டே இல்லை, கதவைச் சாத்திக்கொண்டு போடவேண்டிய சண்டை. மீதிப் பாதிப் பேருக்கு இன்னும் மீசை முளைக்கவில்லை.

தம்பிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வந்துவிட்டவள். கண்ணாடிப் பெட்டிக்குள் பதினோரு நாள் இருந்தாள். சபை முழுக்க உபவாசம் இருந்து ஜெபித்தது. பன்னிரண்டாம் நாள் அடக்கம்.

அதற்கப்புறம் அவன் எழுதிய ஒரே பாட்டு அதுதான். "பதினோரு நாள் தட்டினேன், உள்ளே விளக்கு எரிந்தது, நாற்காலி நகர்ந்தது, கதவு திறக்கவில்லை." இவ்வளவுதான் அதன் சாரம். கடைசியில் எல்லா வாத்தியமும் நின்றுவிடும். அவன் மட்டும் கிட்டார் உடம்பில் விரல் முட்டியால் தட்டுவான். பதினோரு தட்டு. அதோடு பாட்டு முடிந்துவிடும்.

அதைக் கேட்டு ஆமென் அண்ணன் அழுதார். நிஜமாகவே அழுதார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துவிட்டு, இப்படியே வெளியிட முடியாது என்றார். பிள்ளைகளைப் பின்சீட்டில் உட்காரவைத்துக் காரோட்டிக்கொண்டு போகிற தாய்தான் எங்கள் பாட்டைப் போடும் ரேடியோவைக் கேட்கிறவள், காலை எட்டு மணிக்கு அவளை இப்படி இருட்டில் நிறுத்திவிட்டு விளம்பரத்துக்குப் போக முடியாது என்றார். காயத்தைத் திறந்து காட்டுவது சரி, கட்டுப் போடாமல் அனுப்புவது சரியா என்று கேட்டார். கடைசியில் நம்பிக்கை தரும் ஒரே ஒரு வரி போதுமாம். அந்த வரி இல்லையென்றால் அந்தப் பாட்டை எடுத்துவிட வேண்டும்.

தம்பி கோபப்படவில்லை. "எனக்கே இன்னும் வராத வரியை நான் எப்படிண்ணே பாடுவேன்?" என்றான்.

"வரும்னு விசுவாசிச்சுப் பாடு."

"வந்தா பாடுறேன். அதுவரைக்கும் இப்படியே இருக்கட்டும்."

ஆமென் என்றார் அண்ணன். ஆல்பம் அலமாரிக்குள் போய்விட்டது.

இரண்டு மாதம் அப்படியே கிடந்தது. இடி ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்தவன். ஆல்பம் வந்ததும் ஊர் ஊராகப் போய் வாசிக்கப்போகிறோம் என்று நம்பி வேலையை விட்டுவிட்டு வந்திருந்தான். வீட்டில் மாமனார் அவனைப் பார்க்கும்போதெல்லாம் நியூஸ் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொள்கிறார் என்று சொல்லிச் சிரித்தான். சிரிக்கிற மாதிரி இல்லை. "அக்கா, நீங்க சொன்னா கேப்பான்" என்றான். நான் சொன்னேன். தம்பி கேட்கவில்லை. அவன் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நான் கத்திவிட்டு வந்தேன். அன்றைக்கு என் கோபம் நியாயமாகத்தான் தெரிந்தது.

இந்த இடத்தில் என் தொழில் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தம்பி மைக் முன்னால் நின்றதும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் ஜெபிப்பான், முணுமுணுப்பாக. நான் அதற்கு முன்பே பதிவை ஓடவிட்டுவிடுவேன். பாட்டின் முதல் மூச்சு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அது போனால் போனதுதான். ஆகவே அவனுடைய ஜெபங்கள் எல்லாம் என்னிடம் இருந்தன, தேதிவாரியாக. வீட்டில் பழைய செருப்பைக்கூடச் சேர்த்து வைக்காதவள் நான். பதிவு செய்த சத்தத்தில் ஒரு இருமலைக்கூட அழித்ததில்லை.

ஒரு மத்தியானம் அவற்றையெல்லாம் உட்கார்ந்து கேட்டேன். எதைத் தேடுகிறேன் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. வேறு ஏதோ பாட்டுக்காக அவன் நின்ற ஒரு நாள். அந்த ஜெபத்தின் நடுவில் இரண்டு சொல், தெளிவாக, லேசாக நடுங்கி: "நீர் நல்லவர்." அதே அறை, அதே மைக். அவன் பேச்சு நின்ற சுருதிகூட இந்தப் பாட்டின் சுருதிக்கு ஒரு மயிரிழைதான் விலகியிருந்தது. சொல் முடிந்ததும் ஒரு அதிர்வுச் சத்தம். பாட்டுத் தாள் வைக்கும் ஸ்டாண்டில் அவன் போனைக் கவிழ்த்து வைத்திருந்தான். அது அடித்தது ஸ்டாண்டின் கம்பி வழியாக மைக்கில் ஏறியிருந்தது. திரையில் சீப்பின் பற்கள் மாதிரி தெரிந்தது. அதை வெட்டி எடுத்தேன். அந்த இரண்டு சொல்லை மட்டும் பதினோராவது தட்டுக்குப் பின்னால் ஒட்டினேன்.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லத்தான் ஆசை. தேதி திரையிலேயே இருந்தது. அது பதினோராம் நாள். தம்பி அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு என்று வந்திருந்தான், பாதி முடிந்த வேலையை முடித்துக் கொடுக்க. அந்தப் போன் ஆஸ்பத்திரியிலிருந்து அவன் மனைவி கூப்பிட்டது. எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் வெட்டுகிற நேரத்தில் என் காது வேறு மாதிரிக் காது. அதற்கு அது வெறும் இரைச்சல். நான் யார் வார்த்தையையோ அவன் வாயில் திணிக்கவில்லையே, அவன் சொன்னதைத்தானே அவனுக்குத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டேன்.

முடித்த மிக்ஸைத் தம்பி எப்போதும் கேட்பதில்லை. "நீ கேட்டா போதும்க்கா, நான் கேட்டா மூக்கைச் சொறிஞ்சது வரைக்கும் ஞாபகம் வரும்" என்பான். அந்த நம்பிக்கையில்தான் கை வைத்தேன். கம்பெனியிடம் தம்பி சம்மதித்துவிட்டான் என்றேன். தம்பியிடம் கம்பெனி இறங்கி வந்துவிட்டது என்றேன். ஆமென் அண்ணன் இரண்டு தடவை போட்டுக் கேட்டார். பிறகு பென்சிலை எடுத்து, நம்பிக்கை வரும் நிமிடம் என்ற கட்டத்தில் நான்கு பன்னிரண்டு என்று எழுதினார்.

பாட்டு வெளியான ஒன்பதாம் நாள் தம்பி என் ஸ்டூடியோவுக்கு வந்தான். ஒரு கன்னம் மழித்திருந்தது, மறு கன்னத்தில் தாடி. காதோரம் நுரை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. சலூன் ரேடியோவில் கேட்டிருக்கிறான். கேட்டதும் கழுத்துத் துணியோடு எழுந்து வந்துவிட்டான். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

"அது எந்த நாள்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருக்கலாம். "எவனோ எழுதிக் கொடுத்ததை ஒட்டியிருந்தா உன்னைத் திட்டிட்டுப் போயிருப்பேன்க்கா. இது நான் சொன்னது. மனசாரச் சொன்னது. சொல்லி முடிச்சப்பதான் போன் வந்துச்சு" என்றான். கழுத்துத் துணியை அவிழ்த்து என் நாற்காலி முதுகில் போட்டுவிட்டு, அதை நீக்கச் சொல் என்றான். நான் சரி என்றேன்.

மறுநாள் காலை அவனே போன் செய்தான். நீக்க வேண்டாம் என்றான். அவன் மனைவி அந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறாள். இவன் மனசு ஆறி இப்போதுதான் பாடியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். பிள்ளைக்கு வாங்கி வைத்த துணிகளை ஐந்து மாதமாகத் தொடாதவள், அன்றைக்கு அவற்றை மடித்துப் பெட்டியில் வைத்தாள். அவன் தோளில் சாய்ந்து தூங்கினாள். "இப்போ நான் என்னன்னு சொல்ல? மெல்லவும் முடியல, முழுங்கவும் முடியல" என்றான்.

பாட்டு பற்றிக்கொண்டது. சின்ன அரங்குகள் போய்ப் பெரிய அரங்குகள் வந்தன. இடியின் மாமனார் பேப்பரைக் கீழே வைத்தார். சாட்சிக் கடிதங்கள் வந்தன. கணவனை அடக்கம் பண்ணிவிட்டு வந்து கதவைச் சாத்திக்கொண்ட ஒரு பெண், அந்த இரண்டு சொல்லைக் கேட்டுத்தான் கதவைத் திறந்தேன் என்று எழுதியிருந்தாள். அதைப் படித்தபோது நான் செய்தது சரிதான் என்று அரை நாள் நம்பினேன்.

மேடையில் தம்பி பதினோரு முறை தட்டுவான். அதோடு அவன் பங்கு முடிந்தது. அந்த இரண்டு சொல்லை அவன் ஒருமுறைகூடப் பாடவில்லை. மிக்ஸரில் இருந்து நான்தான் ஒரு பட்டனை அழுத்துவேன். அவன் குரல் ஸ்பீக்கரில் வரும், ஜனங்கள் சேர்ந்து பாடுவார்கள், கை உயர்த்துவார்கள், அழுவார்கள். அவன் வாயை மூடிக்கொண்டு நிற்பான். பரவசத்தில் நிற்கிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஸ்டூடியோவில்தான் எனக்கு விஷயம் முழுதாகப் புரிந்தது. அடுத்த ஆல்பத்துக்கு அவன் வந்து நின்றபோது கண்ணை மூடவில்லை. ஜெபிக்கவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் பதிவை ஓடவிட்டதும் பாடினான், நிறுத்தியதும் வாயை மூடிக்கொண்டான். அவன் கடவுளோடு பேசிக்கொண்டிருந்த ஒரு நிமிடத்தில் நான் திருடியாகப் புகுந்திருக்கிறேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அழுதேன். அழுது என்ன செய்ய?

ஒரு பிற்பகல் அவன் மனைவி தனியாக ஸ்டூடியோவுக்கு வந்தாள். பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பு மேசை வேலை அவளுக்கு. நாளெல்லாம் போன் எடுத்து யாருக்கு எப்போது பல் பிடுங்க வேண்டும் என்று நேரம் கொடுப்பாள். அந்த உடுப்போடே வந்திருந்தாள். சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"அண்ணி, மேடையில அவரு அதைப் பாடுறதே இல்ல. பத்து தடவை பாத்துட்டேன். அது எப்போ பதிவு பண்ணது?"

பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. ஏற்கெனவே இரண்டு சொல்லியிருந்தேன், மூன்றாவது வெளியே வரவில்லை. தேதியைச் சொன்னேன்.

அவள் உட்கார்ந்தாள். முழுசாகப் போடுங்கள் என்றாள். வேண்டாம்மா என்றேன். போடுங்கள் என்றாள் மறுபடியும்.

வெட்டாத பதிவைப் போட்டேன். முணுமுணுப்பு. குழந்தையின் எடையை அவன் ஆண்டவரிடம் சொல்கிறான், முந்தின நாளைவிட இருபது கிராம் கூட என்று. "நீர் நல்லவர்." உடனே அதிர்வு. ஒன்று, இரண்டு. மூன்றாவதுக்கு முன்பே அவள் உதடு அசைய ஆரம்பித்தது. நாலு, ஐந்து என்று அவள் எண்ணிக்கொண்டே வந்தாள், சத்தம் வருவதற்கு ஒரு இமை முன்னால். எட்டு என்றாள். எட்டில் நின்றது.

"அது நான்" என்றாள்.

அப்புறம் பதிவில் ஒரு மூச்சு கேட்டது. அடக்கி வைத்திருந்த மூச்சை விடுகிற சத்தம். கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. மறுபடி அதிர்வு, நாற்காலி நகர்கிற சத்தம், அவ்வளவுதான். நான் நிறுத்தினேன்.

"ஹெட்போன் போட்டிருந்தேன், முதல் தடவை கேக்கலன்னு சொன்னாரு" என்றாள். "கேட்டிருக்கு. ஜெபத்தை முடிச்சிட்டு எடுக்கலாம்னு இருந்திருக்காரு." அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னை வதைத்தது. அவள் கூப்பிட்டபோது பிள்ளைக்கு மூச்சு இருந்தது. அவன் போய்ச் சேர்ந்தபோது இல்லை. நடுவில் கால் மணி நேரம் அவள் தனியாக இருந்தாள். முதல் தடவையே எடுத்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது என்று நானும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

நான் மன்னிப்புக் கேட்டேன். பாட்டை உடனே எடுத்துவிடச் சொல்கிறேன் என்றேன். அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"எடுக்காதீங்க. இதையும் சேத்துப் போடுங்க. அவரு ஜெபம் பண்ணது மட்டும் ஊருக்கெல்லாம் கேக்கணும், நான் கூப்பிட்டது யாருக்கும் கேக்கக் கூடாதா அண்ணி?"

வீட்டில் அவர்கள் இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. இரண்டு நாள் கழித்துத் தம்பி வந்து, "அவ சொன்ன மாதிரியே பண்ணிடு" என்றான். மேடையில் அந்த அதிர்வையும் சேர்த்துப் போடப்போகிறோம் என்று ஒத்திகையின்போது மற்ற இருவரிடமும் சொன்னோம். அடுத்த நிகழ்ச்சியைக் கம்பெனி படம் பிடித்து வெளியிடப்போகிறது; பாட்டு ரேடியோவில் முடிகிற மாதிரியே மேடையிலும் முடியவேண்டும் என்று ஆமென் அண்ணன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மீறினால் அடுத்த ஆல்பம் கிடையாது. ஊமை பேஸை எடுத்துச் சுருதி சேர்த்தான். இடி குச்சியைத் தொடையில் தட்டிக்கொண்டே ரொம்ப நேரம் இருந்தான். அவன் மாமனார் எனக்குக் கண் முன்னால் வந்தார்.

"அந்த எட்டுக்கு நான் எதாவது வாசிக்கணுமா, வேணாமா?" என்றான் கடைசியில்.

"வேணாம்" என்றான் தம்பி.

"சரி."

நிகழ்ச்சி அன்று அரங்கு நிரம்பியிருந்தது. தம்பி மனைவி மிக்ஸருக்குப் பக்கத்தில் என்னோடு நின்றாள். அவளுக்கு அந்தப் பக்கம் ஆமென் அண்ணன், கழுத்தில் அடையாள அட்டையோடு, சந்தோஷமாக. கடைசிப் பாட்டு வந்தது. வாத்தியங்கள் நின்றன. தம்பி தட்ட ஆரம்பித்தான். ஜனங்கள் எண்ணினார்கள், அது ஒரு வழக்கமாகவே ஆகியிருந்தது. பதினொன்று. நான் பட்டனை அழுத்தினேன். "நீர் நல்லவர்" என்று அவன் குரல் வந்தது, அரங்கு முழுக்க எழுந்து சேர்ந்துகொண்டது, கைதட்டலும் தொடங்கிவிட்டது.

அப்போது அந்த அதிர்வு வந்தது. பெரிய ஸ்பீக்கர்களில் அது தரையில் ஏறியது, காலில் தெரிந்தது. கைதட்டல் அங்கங்கே அறுந்தது. முதல் வரிசையில் ஒருவர் சட்டைப் பையைத் தொட்டார். இரண்டாவது அடிக்கு வரிசை வரிசையாகக் கைகள் பைக்குள் போயின. பெண்கள் கைப்பையைத் திறந்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார்கள். ஆமென் அண்ணன் தன் போனை எடுத்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். என் கையும் என் பைக்குத்தான் போனது, அழுத்தியவளே நான்தான் என்று தெரிந்தும். ஐந்து. ஆறு. யாருடைய போனும் இல்லை என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அரங்கில் ஒரு சத்தம் இல்லை. என் பக்கத்தில் அவள் மட்டும் உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

எட்டில் நின்றது. பதிவை நான் அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும் என்று பேசியிருந்தோம், நிறுத்தினேன். விளக்கு அணைந்திருக்க வேண்டும். தம்பி கை காட்டி வேண்டாம் என்றான். மைக்கருகே குனிந்தான். பாட்டு வெளியானதிலிருந்து முதல் தடவையாக மைக் முன்னால் கண்ணை மூடினான். ஆமென் அண்ணன் என் தோளைத் தொட்டு என்ன செய்கிறான் என்று கேட்டார். எனக்கும் தெரியாது.

"கேட்டுச்சு" என்றான் தம்பி. "அன்னைக்கே எனக்குக் கேட்டுச்சு."

ஜனங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்களிடம் அவன் சொல்லவும் இல்லை. என் பக்கத்தில் நின்றவள் தன் போனைக் கையில் எடுத்து வைத்திருந்தாள், யாரையோ கூப்பிட்டு இன்னும் துண்டிக்காமல் இருப்பவள்போலக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.